யோக்யகர்த்தா ஆறு நாள்: திங்கட்கிழமையில் தொடங்கும் பயணம்

புறப்படும் முன்

இந்தோனேசியாவின் ஜாவா தீவிலுள்ள யோக்யகர்த்தாவுக்குத் தேதி குறிக்க உட்காரும்போது முதலில் பார்க்க வேண்டியது, திங்கட்கிழமை எங்கே விழுகிறது என்பதைத்தான். போரோபுதூர் பௌத்தக் கோயில்மேல் அன்று ஏற விடமாட்டார்கள். சுல்தானின் அரண்மனையும் அன்று மூடியிருக்கும். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகையால் அரண்மனை நேரம் சுருங்கிவிடும். பிரம்பனான் இந்துக் கோயில் வளாகத்தில் இரவு நடக்கும் ராமாயண நடனம் வழக்கமாகச் செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில். டிக்கெட் மலிவாகக் கிடைத்ததே என்று சனி, ஞாயிறு, திங்கள் போட்டுக்கொண்டு வருபவர்களுக்கு மிஞ்சுவது ஒரு நல்ல நாள்தான். அதுவும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நசுங்கிப்போகும்.

அதனால் இந்தத் திட்டம் திங்களன்று வந்திறங்கி, சனிக்கிழமை கிளம்புகிறது. மூடியிருக்கும் நாளை விமானத்துக்கும் தூக்கத்துக்கும் கொடுத்துவிடுகிறோம்.

மாதம்: மே முதல் செப்டம்பர் வரை மழை குறைவு. நவம்பரிலிருந்து மார்ச் வரை பிற்பகல் மழை ஏறக்குறைய உறுதி. ரம்ஜான் பெருநாளை ஒட்டிய வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஜாவா முழுக்க ஊருக்குத் திரும்பும் கூட்டத்தில் ரயிலில் இடம் கிடைக்காது, அறை வாடகை ஏறிவிடும். ஜூன் பின்பாதியும் ஜூலை முன்பாதியும் உள்ளூர்ப் பள்ளி விடுமுறை. வெசாக் எனும் புத்த பௌர்ணமியன்று மெண்டுட் கோயிலிலிருந்து போரோபுதூருக்குப் பிக்குகளின் ஊர்வலம் நடக்கும். பார்க்க அருமையான நாள், ஆனால் கோயிலை நிதானமாகச் சுற்ற ஆகாத நாள்.

விசா: இந்தியக் கடவுச்சீட்டுக்கு வருகை விசா உண்டு. 30 நாள், கட்டணம் 5,00,000 ரூபியா. விமான நிலையத்தில் வரிசையில் நிற்பதைவிட, குடியேற்றத் துறையின் இணையதளத்தில் மின்விசாவாகவே எடுத்துவிடலாம். தேடுபொறியில் முதலில் வருவது பெரும்பாலும் இடைத்தரகர் தளங்கள். அதே விசாவுக்குக் கூடுதலாகக் கறப்பார்கள். கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் 'ஆல் இந்தோனேசியா' என்ற வருகைப் படிவத்தையும் நிரப்பி, கியூஆர் குறியைக் கைப்பேசியில் சேமித்துக்கொள்ளுங்கள். இதற்குக் கட்டணம் கிடையாது.

விமானம்: கோலாலம்பூர் வழி வருவது சுலபம், அங்கிருந்து நேரடி விமானம் உண்டு. டிக்கெட்டில் ஒய்.ஐ.ஏ. என்று இருக்கிறதா பாருங்கள். அது நகருக்கு மேற்கே 40 கிலோமீட்டருக்குமேல் தள்ளி, குலோன் புரோகோவில் இருக்கும் புதிய நிலையம். பழைய பயணக் குறிப்புகளில் 'நகரத்திலிருந்து இருபது நிமிடம்' என்று இருந்தால் அது பழைய அடிசுச்சிப்தோ நிலையத்தைப் பற்றியது. இந்தக் குழப்பத்தில்தான் திரும்பும் விமானத்தைப் பலர் தவறவிடுகிறார்கள்.

பணம்: மனக்கணக்குக்கு ஆயிரம் ரூபியா என்றால் ஐந்து இந்திய ரூபாய் சொச்சம். உணவுப் பட்டியலில் வெறுமனே 25 என்று இருந்தால் 25,000 என்று படியுங்கள். இங்கே ஏடிஎம் இயந்திரங்கள் பல, பணத்தை முதலில் தள்ளிவிட்டுப் பிறகுதான் அட்டையைத் தரும். நம் ஊர்ப் பழக்கத்தில் பணம் வந்ததும் திரும்பி நடந்துவிடுவோம், அட்டை போய்விடும். 50,000, 1,00,000 என்று இயந்திரத்தின்மேல் ஒட்டியிருப்பது அது தரும் நோட்டின் மதிப்பு. ஐம்பதாயிரம் தரும் இயந்திரமாகப் பார்த்து எடுங்கள். தெருக்கடையில் ஒரு லட்சத்துக்குச் சில்லறை கிடைக்காது. மின்செருகி இரண்டு உருண்டைக் கால் வகை. நம் மூன்று கால் பிளக் ஏறாது.

கடைசியாக, போரோபுதூர் டிக்கெட். அதைப் புதன்கிழமைக்கு இப்போதே எடுத்துவிட வேண்டும். விவரம் அந்த நாளில்.

முதல் நாள், திங்கள்: வந்திறங்குவது

விமான நிலையத்துக்குள்ளேயே ரயில் நிலையம் இருக்கிறது. நகரின் தூகு நிலையத்துக்கு ஏறத்தாழ நாற்பது நிமிடம். கார் என்றால் போக்குவரத்தைப் பொறுத்து ஒரு மணி நேரத்துக்குமேல், கட்டணமும் பல மடங்கு. ரயில் சில நிமிடத்துக்கு ஒருமுறை ஓடுவதில்லை என்பதுதான் ஒரே குறை. விமானம் இறங்கும் நேரத்தையும் ரயில் அட்டவணையையும் முன்பே ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டி அழைக்கும் கோஜெக், கிராப் இரண்டு செயலிகளையும் ஊரிலிருந்தே பதிவிறக்கிப் பதிவுசெய்துவிடுவது நல்லது. சரிபார்ப்புக் குறுஞ்செய்தி இந்திய எண்ணுக்குத்தான் வரும். இங்கே வந்து சிம்மை மாற்றிய பிறகு அது வந்து சேராது.

அறையைத் தூகு நிலையத்துக்கும் அரண்மனைக்கும் நடுவே எங்காவது எடுங்கள். மாலியோபோரோ சாலையை ஒட்டியே எடுத்தால் இரவெல்லாம் தெருப்பாடகர்களின் சத்தம் இருக்கும். பிராவிரோதாமான் பகுதி அமைதியானது, ஆனால் ரயிலுக்குத் தூரம்.

மாலையில் தூகு நினைவுத்தூண் வரை நடக்கலாம். 1755இல் எழுப்பிய பழைய தூண் 1867 நிலநடுக்கத்தில் இடிந்தது. இப்போது நிற்பது 1889இல் கட்டிய குட்டையான 15 மீட்டர் தூண். வடக்கே மெராப்பி எரிமலை, பிறகு இந்தத் தூண், அரண்மனை, கிராப்யாக் மேடை, தெற்கே கடல் என்று எல்லாவற்றையும் ஒரே கோட்டில் வைத்துத்தான் இந்த நகரத்தை அமைத்தார்கள். 2023இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாக அறிவித்ததும் இந்தக் கோட்டைத்தான். தூணுக்கு அருகே நின்று தெற்கே பார்த்துவிட்டால் அடுத்த ஐந்து நாளும் திசை குழம்பாது. ஊரின் பெயரிலேயே அயோத்தி இருக்கிறது என்பது வழக்கமான விளக்கம்.

இரவுச் சாப்பாட்டுக்கு ரயில் நிலையத்தின் வடபக்கம் அங்கிரிங்கான் எனும் தள்ளுவண்டிக் கடைகள். வாழையிலையில் ஒரு கைப்பிடிச் சோறும், சம்பால் எனும் மிளகாய்த் துவையல் ஒரு துளியுமாக மடித்து வைத்திருப்பார்கள். பெயர் 'பூனைச் சோறு'. இரண்டு மூன்று பொட்டலம் எடுத்தால்தான் ஒருவருக்குப் போதும். அதோடு 'கோப்பி ஜோஸ்': கொதிக்கும் கடுங்காப்பிக்குள் கனன்றுகொண்டிருக்கும் கரித்துண்டைச் சர்ரென்று போட்டுத் தருவார்கள்.

இரண்டாம் நாள், செவ்வாய்: அரண்மனையும் நீர்மாளிகையும்

கிராட்டன் எனப்படும் சுல்தான் அரண்மனை காலை எட்டரை வாக்கில் திறக்கும், பிற்பகல் இரண்டு, இரண்டரைக்குள் மூடிவிடும். பத்து மணி வாக்கில் உள்ளே கலை நிகழ்ச்சி நடக்கும். கமெலான் இசை, நடனம், பாவைக்கூத்து என்று கிழமைக்குக் கிழமை மாறும். ஒன்பது மணிக்கு உள்ளே இருந்தால் இரண்டும் கிடைக்கும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அரண்மனைக்கு இரண்டு வாசல், இரண்டு டிக்கெட். வடக்குத் திடலைப் பார்த்த வாசல் பகெலாரான் என்ற முன்மண்டபத்துக்கு மட்டும்தான். அதைப் பார்த்துவிட்டு 'இவ்வளவுதானா அரண்மனை' என்று திரும்புகிறவர்கள் ஏராளம். உள் அரண்மனைக்குப் போகும் வாசல் மேற்குப் பக்கமாகச் சுற்றிப் போனால் வரும். வழியில் யாராவது கனிவாக அணுகி, 'அரண்மனை இன்று மூடல், ஆனால் மாணவர்களின் பாத்திக் துணிக் கண்காட்சிக்கு இன்றுதான் கடைசி நாள்' என்றால் சிரித்துவிட்டு நடையைக் கட்டுங்கள். அந்தக் கண்காட்சிக்கு வருடத்தில் எல்லா நாளும் கடைசி நாள்.

1755 கியாந்தி ஒப்பந்தத்தில் மாதராம் அரசு இரண்டாகப் பிரிந்தபோது முதலாம் ஹமெங்குபுவோனோ கட்டிய அரண்மனை இது. இப்போதிருக்கும் பத்தாம் ஹமெங்குபுவோனோ சுல்தான் மட்டுமல்ல, இந்த மாகாணத்தின் ஆளுநரும் அவர்தான். அந்தப் பதவிக்கு இங்கே தேர்தல் கிடையாது. ஆகவே இது காட்சியகமாகிப்போன அரண்மனை என்று நினைத்துப் போகக் கூடாது. ஊழியம் செய்யும் அப்டி டாலெம் பெரியவர்களைக் கவனியுங்கள்: வெறுங்கால், முதுகுப்பக்கம் செருகிய கிரிஸ் கத்தி, தலையில் பிளாங்கோன் எனும் தலைப்பாகை. அதன் பின்பக்கம் முடிச்சுப்போல் புடைத்திருந்தால் யோக்யகர்த்தா, தட்டையாக இருந்தால் பக்கத்து சோலோ. உள்ளே தொப்பியைக் கழற்றிவிட வேண்டும். சாய்ந்த கத்தி அலைகள்போல ஓடும் 'பாராங்' வடிவம் அரச குடும்பத்துக்கு உரியது. நேற்று வாங்கிய சட்டை அந்த வடிவத்தில் இருந்தால் இன்று அறையிலேயே இருக்கட்டும்.

அங்கிருந்து தாமான் சாரி எனும் நீர்மாளிகை பதினைந்து நிமிட நடை. வெயில் உச்சிக்கு ஏறும் முன் போய்விடுங்கள், மூன்று மணி வாக்கில் மூடிவிடுவார்கள். குளங்களைப் படமெடுத்துவிட்டு எல்லோரும் திரும்புவார்கள். நல்லது அதற்கு அப்பால் இருக்கிறது. குடியிருப்புச் சந்துகளுக்குள் நுழைந்து போனால் சுமூர் குமுலிங் வரும். நிலத்தடியில் வட்டமாகக் கட்டிய பள்ளிவாசல். நடுவே ஐந்து படிவரிசைகள் ஒன்றுகூடுகின்றன. வாங்கிய டிக்கெட்டைக் கையிலேயே வைத்திருங்கள், அங்கேயும் கேட்பார்கள்.

மதியம் விஜிலான் தெருவில் குடெக். பலாப்பிஞ்சைத் தேங்காய்ப்பாலிலும் வெல்லத்திலும் மணிக்கணக்காக வேகவைப்பது. செம்பழுப்பு நிறம் கூட அடியில் தேக்கிலை போடுவார்கள். நம் நாக்குக்கு முதல் கவளம் இனிப்பாகத்தான் இருக்கும். சைவ உணவுக்காரர்கள் கவனிக்க: பலா என்றதும் சைவம் என்று நம்பிவிடாதீர்கள். தட்டில் கூடவே வரும் செந்நிறக் 'கிரெச்செக்' மாட்டுத்தோல். பலாவையே கோழியோடு சேர்த்து வேகவைக்கும் கடைகளும் உண்டு. 'டாகிங்' வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மாட்டிறைச்சி வேண்டாம் என்றுதான் புரிந்துகொள்வார்கள். ஆயாம் (கோழி), ஈக்கான் (மீன்), ஊடாங் (இறால்) என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். சம்பாலுக்கு 'தன்பா தெராசி', அதாவது இறால் விழுது இல்லாமல். டெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி), டாஹு (சோயாப் பனீர்), லோடெக், பெச்செல் (இரண்டும் கடலைச் சாந்து சேர்த்த காய்கறி) இந்த நான்கு பெயர் தெரிந்தால் ஆறு நாளும் பட்டினியில்லை.

இரவு சோனோபுதோயோ அருங்காட்சியகத்தில் வாயாங் குலித் எனும் தோல்பாவை நிழற்கூத்து, எட்டு மணி வாக்கில் தொடங்கி ஏறத்தாழ இரண்டு மணி நேரம். இது சுருக்கம்; ஊர்க்கோயில் கூத்துப்போல முழு ஆட்டம் இரவு தொடங்கி விடியும்வரை போகும். பேச்செல்லாம் ஜாவா மொழியில் என்பதால் மொழி தெரியாதவருக்குத் திரைக்கு முன்னால் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால் அரை மணியில் சலித்துவிடும். எழுந்து பின்பக்கம் போங்கள். பாவைகளை ஆட்டும் தாலாங் ஒரே ஆள். எல்லாப் பாத்திரத்துக்கும் குரல் கொடுத்துக்கொண்டே காலால் பெட்டியைத் தட்டி இசைக்குழுவுக்குக் குறிப்புக் கொடுப்பதை அங்கிருந்துதான் பார்க்க முடியும். தோல்பாவைக்கூத்து பார்த்தவர்களுக்கு ஒரு வித்தியாசம் உடனே தெரியும்: இங்கே பாவையின் தோலில் பொன்வண்ணப் பூச்சு பின்பக்கம் பார்ப்பவர்களுக்காகவே மின்னுகிறது, திரையில் விழுவது கறுப்பு நிழல்.

மூன்றாம் நாள், புதன்: போரோபுதூர்

நகரிலிருந்து வடமேற்கே 40 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நாள் வாடகைக்கு ஓட்டுநரோடு கார் எடுப்பதுதான் வசதி. போக கோஜெக் கிடைக்கும், திரும்ப அங்கிருந்து வண்டி பிடிப்பது திண்டாட்டம்.

டிக்கெட்டில் இரண்டு வகை. ஒன்று வளாகத்துக்கும் கோயில் முற்றத்துக்கும் மட்டும். இன்னொன்று மேலே ஏறுவதற்கு. வெளிநாட்டவருக்கு நான்கரை லட்சம் ரூபியாவைச் சுற்றி. முதல் வகையை வாங்கிவிட்டு வாசலில் போய் ஏறக் கேட்டால் விடமாட்டார்கள். கல் தேய்வதால் நாளுக்கு 1,200 பேர் என்று வரம்பு வைத்துத்தான் இந்த முறையைத் தொடங்கினார்கள். மணிக்கு ஒரு குழு, குழுவுக்கு ஒரு வழிகாட்டி. உங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, அவர்கள் தரும் 'உபானத்' என்ற நெய்த செருப்பைப் போட வேண்டும். உபானம் என்ற வடசொல்லேதான். அதை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். முதல் குழுவுக்கு எடுங்கள். பத்து மணிக்குமேல் கறுங்கல் அனலாகக் கொதிக்கும். 'சூரியோதயப் பயணம்' என்று விற்கும் பொட்டலங்களில் பெரும்பாலானவை புந்துக் செதும்பு போன்ற பக்கத்துக் குன்றிலிருந்து தூரத்தில் கோயிலைப் பார்ப்பவை. மூடுபனி இருந்தால் கோயில் தெரியாது. பணம் கட்டும் முன் எந்த இடம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மேலே கிடைப்பது ஒரு மணி நேரம்தான், அதில் புடைப்புச் சிற்பங்களை எல்லாம் பார்க்க முடியாது. மொத்தம் 2,672 பலகைகள். அவற்றில் 1,460 கதை சொல்பவை. ஆகவே எதைப் பார்ப்பது என்பதை அறையிலேயே முடிவுசெய்துகொண்டு போக வேண்டும்.

கட்டுமானத்தை இப்படி மனத்தில் வாங்கிக்கொள்ளலாம். கீழே சதுர அடுக்குகள், அவற்றைச் சுற்றி நான்கு சுற்றுப்பாதைகள். மேலே மூன்று வட்ட மேடைகள், அவற்றில் 32, 24, 16 என்று மொத்தம் 72 துளைபோட்ட தூபிகள். உச்சியில் ஒரு பெரிய தூபி. உள்ளே கருவறை இல்லை. ஒரு குன்றைக் கல்லால் போர்த்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். வழிபாடு என்பது நடப்பதுதான். கிழக்குப் படியில் தொடங்கி வலமாகச் சுற்றிச் சுற்றி மேலே போக வேண்டும். 8, 9ஆம் நூற்றாண்டில் சைலேந்திர அரசர்கள் காலத்தில் எழுந்தது.

முதல் சுற்றுப்பாதைக்கு நேரத்தில் பாதியைக் கொடுங்கள். உள்சுவரின் மேல்வரிசையில் 120 பலகைகளாகப் புத்தரின் வாழ்க்கை, துஷித சொர்க்கத்திலிருந்து இறங்குவது தொடங்கிச் சாரநாத்தின் முதல் உபதேசம் வரை. கப்பல் சிற்பத்தையும் இந்தப் பாதையில் வழிகாட்டியிடம் கேட்டுப் பாருங்கள்: பாய்மரமும், பக்கவாட்டில் மிதவைக் கட்டைகளுமாகப் போகும் மரக்கலம். அதைப் பார்த்துச் செய்த ஒரு கப்பல் 2003இல் ஜாகர்த்தாவிலிருந்து புறப்பட்டு 2004இல் ஆப்பிரிக்காவின் கானா வரை போனது. இப்போது கோயில் வளாகத்திலேயே தனி அருங்காட்சியகத்தில் நிற்கிறது. மேலே ஏறிக் களைத்தவர்கள் அதைப் பார்க்காமலே வெளியேறிவிடுகிறார்கள்.

வழிகாட்டி அவசரப்படுத்தினாலும் விடக் கூடாத இன்னொன்று, தென்கிழக்கு மூலையின் அடித்தளம். முழுக்கோயிலையும் சுற்றி, இப்போது தெரியும் அடித்தளத்துக்குள் 160 பலகைகள் புதைந்திருக்கின்றன. செய்த வினைக்கு என்ன பலன் என்று காட்டும் கர்மவிபங்கம். 1885இல் தற்செயலாகக் கண்டுபிடித்து, கற்களைப் பெயர்த்தெடுத்து, காசியன் செஃபாஸ் என்ற ஜாவானியப் புகைப்படக்காரரைக் கொண்டு படமெடுத்துவிட்டு, மறுபடி மூடிவிட்டார்கள். கட்டடத்தின் பளு சரியாமல் இருக்கப் பிற்பாடு வைத்த அணைப்பு அது என்பது பரவலான விளக்கம். இந்த ஒரு மூலையை மட்டும் திறந்து வைத்திருக்கிறார்கள். இதைப் பார்க்க மேலே ஏறத் தேவையில்லை, முற்றத்திலிருந்தே பார்க்கலாம்.

தலையில்லாப் புத்தர்கள் நிறைய இருப்பார்கள். 504 சிலைகளில் தலை போனவை பல, திருட்டும் சேகரிப்பாளர்களும் காரணம். 1896இல் வந்த சயாம் அரசர் சுலலாங்கோர்னுக்கு டச்சு அரசே எட்டு வண்டி நிறையச் சிற்பங்களைப் பரிசாகக் கொடுத்தனுப்பியது.

திரும்பும் வழியில் மெண்டுட் கோயிலுக்கு அரை மணி ஒதுக்குங்கள். சிறிய கோயில், உள்ளே மூன்று மீட்டர் உயரப் புத்தர், நாற்காலியில் அமர்வதுபோல் இரண்டு காலையும் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கிறார். போரோபுதூரில் இல்லாத கருவறை அமைதி இங்கே உண்டு. நடுவே வரும் பாவோனும் சேர்ந்து மூன்று கோயிலும் ஏறத்தாழ ஒரே நேர்கோட்டில்.

மாலைக்கு வேறெதுவும் வைக்காதீர்கள். போரோபுதூரையும் பிரம்பனானையும் ஒரே நாளில் முடிப்பதாக எல்லாத் தங்கும் விடுதியிலும் திட்டம் விற்பார்கள். ஒன்று வடமேற்கில், இன்னொன்று கிழக்கில். நான்கு மணி நேரம் காரிலேயே போய்விடும். இரண்டாவது கோயிலில் எல்லோரும் நிழல் எங்கே என்றுதான் தேடுவார்கள்.

நான்காம் நாள், வியாழன்: காலை மெழுகு, மாலை பிரம்பனான்

காலையில் பாத்திக் வகுப்பு, மூன்று மணி நேரம், கைக்குட்டை அளவுத் துணி. பென்சிலால் கோடு போட்டு, உருக்கிய மெழுகைச் சந்திங் என்ற மூக்குள்ள சிறு செம்புக் கருவியால் அதன்மேல் ஓட்ட வேண்டும். தொடங்குபவர்கள் எல்லோரும் இரண்டில் ஒரு தவறு செய்வார்கள். மெழுகு ஆறிப்போனால் துணியின் மேலேயே உட்கார்ந்துவிடும், பின்பக்கம் இறங்காது, சாயம் அந்த வழியாகப் புகுந்து கோடு கலைந்துவிடும். சூடு அதிகமானால் துளியாய்ச் சிந்திப் பரவும். நான்கைந்து விரற்கடை இழுத்ததும் சந்திங்கை வாணலியில் முக்கி மறுபடி சூடேற்றுவது, ஓட்டும் முன் மூக்கின் நுனியை ஒருமுறை ஊதிவிடுவது, இந்த இரண்டும் கைவந்தால் போதும். பிறகு சாயம், கடைசியில் கொதிநீரில் மெழுகை உருக்கி எடுப்பது. அதற்குப் பெயர் லோரோட்.

இதைச் செய்துவிட்டுப் போனால்தான் பெரிங்ஹார்ஜோ சந்தையில் ஏமாறாமல் வாங்க முடியும். துணியைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் வெளுத்திருந்தால் அச்சடித்த துணி. இரண்டு பக்கமும் ஒரே அழுத்தமாக, ஆனால் வடிவங்கள் அச்சுப்போல மாறாமல் திரும்பத் திரும்ப வந்தால் செம்பு அச்சால் மெழுகிட்ட 'சாப்'. இரண்டு பக்கமும் நிறம் இறங்கி, ஒரு பூவுக்கும் அடுத்த பூவுக்கும் சிறு வித்தியாசம் தெரிந்தால் கையால் எழுதிய 'துலிஸ்'. ஒரு துலிஸ் முடியப் பல வாரமாகும். அதை மலிவாகக் கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால், அது துலிஸ் இல்லை.

பிற்பகல் இரண்டரைக்குப் பிரம்பனான் கிளம்புங்கள், கிழக்கே 17 கிலோமீட்டர். தூகுவிலிருந்து சோலோ போகும் புறநகர் ரயிலில் 8,000 ரூபியாதான். இறங்க வேண்டிய நிலையத்தின் பெயரைப் பலகையில் பிரம்பனான் என்று தேடாதீர்கள். ஆங்கில எழுத்தில் P-க்குப் பதில் B போட்டு 'Brambanan' என்று எழுதிய பழைய பெயர்தான் ரயில்வேயில் நிலைத்துவிட்டது. அங்கிருந்து கோயில் ஒன்றரைக் கிலோமீட்டருக்குள். மாலியோபோரோவிலிருந்து டிரான்ஸ் ஜோக்ஜா 1ஏ பேருந்தும் உண்டு, ஆனால் மெதுவானது.

சிவன் கோயில் 47 மீட்டர், இருபுறமும் பிரம்மாவும் விஷ்ணுவும், எதிரே வாகனங்களுக்கு மூன்று கோயில். தொடக்கத்தில் சிறிதும் பெரிதுமாக 240. சுற்றிக் குவிந்து கிடக்கும் கற்களெல்லாம் இன்னும் எழுப்பாத சிறுகோயில்கள். சிவன் கோயிலை மீட்டுக் கட்டும் வேலை டச்சுக்காரர் காலத்தில் 1918இல் தொடங்கி 1953இல்தான் முடிந்தது. 2006 நிலநடுக்கம் மறுபடி அசைத்துவிட்டது.

கிழக்குப் படியில் ஏறி, நேரே கருவறைக்குப் போகாமல் இடது பக்கம் திரும்புங்கள். சிவனை வலமாகச் சுற்றிக்கொண்டே, இடக்கைப் பக்கத்துக் கைப்பிடிச் சுவரின் உட்புறத்தைப் பார்த்து நடக்க வேண்டும். பாம்பணையில் திருமாலிடம் தேவர்கள் முறையிடும் காட்சியில் ராமாயணம் தொடங்குகிறது. நமக்குக் கதை தெரியும் என்பதால் பலகைக்கு ஒரு நொடியில் கடந்துவிடத் தோன்றும். வித்தியாசங்களைத் தேடிக்கொண்டு நடந்தால் சுவாரசியமாக இருக்கும். சீதையின் மோதிரத்தை ஜடாயு அலகில் கொண்டுவந்து ராமனிடம் சேர்க்கிறது. கம்பனில் இது கிடையாது. பாலம் கட்டும் காட்சியில் கடலுக்குள் போடும் கற்களை மீன்கள் வாயில் கவ்வியிருக்கின்றன. வானரப் படை இலங்கைக் கரையேறுவதோடு சிவன் கோயிலில் கதை நிற்கும். மீதிக் கதை பிரம்மா கோயில் சுவரில். இது தெரியாமல் 'யுத்த காண்டத்தைக் காணோமே' என்று தேடுபவர்கள் உண்டு.

பிறகு கருவறைகள். கிழக்கில் மூன்று மீட்டர் சிவன். மேற்கில் பிள்ளையார். வடக்கில் எருமைமேல் நிற்கும் துர்க்கை. உள்ளூரில் அவள் பெயர் லோரோ ஜொங்க்ராங். கதைப்படி, தன்னை மணக்கக் கேட்டு வந்தவனிடம், ஒரே இரவில் ஆயிரம் கோயில் கட்டினால் மணக்கிறேன் என்றாளாம் அந்தப் பெயர்கொண்ட இளவரசி. பூதங்களைக் கொண்டு 999 முடித்துவிட்டான் அவன். உடனே ஊர்ப்பெண்களை எழுப்பி நெல் குத்தச் சொன்னாள். உலக்கைச் சத்தத்தில் விடிந்துவிட்டதென்று சேவல் கூவிவிட, பூதங்கள் ஓடிவிட்டன. ஏமாந்தவன் சபித்ததில் அவளே ஆயிரமாவது சிலையானாள். தெற்கு அறையை விட்டுவிடாதீர்கள்: தாடி, தொந்தி, சடைமுடியோடு அங்கே நிற்பவர் அகத்தியர். உள்ளே விளக்கு இருக்காது, கைப்பேசி வெளிச்சம் வேண்டும்.

ஐந்து மணிக்குமேல் வளாகத்தை அடைப்பார்கள். அதற்குள் அதே வளாகத்தின் வடகோடியில் இருக்கும் சேவு என்ற பௌத்தக் கோயிலையும் பார்க்க வேண்டுமானால் மிதிவண்டியோ மின்வண்டியோ வாடகைக்கு எடுங்கள். கூட்டம் அங்கே வருவதே இல்லை.

ராமாயண நடனம் ஏழரைக்கு, இரண்டு மணி நேரம். 1961இலிருந்து நடக்கிறது. மே முதல் அக்டோபர் வரை திறந்தவெளி மேடையில், கோயில் பின்னணியில் ஒளிர. மற்ற மாதங்களில் கூரையுள்ள அரங்கில். வசனமே கிடையாது, கமெலானும் பாட்டும் உடலசைவும்தான். விலை உயர்ந்த முன்வரிசையைவிடச் சற்று மேலே நடுவில் இருக்கும் இருக்கையே நல்லது. அனுமன் இலங்கையை எரிக்கும்போது உண்மையான தீ வைப்பார்கள், மேடை முழுவதும் கண்ணில் பட வேண்டும். ஒன்பதரைக்கு முடிந்து வெளியே வந்தால் பேருந்து இருக்காது. திரும்ப ஒரு காரை முன்பே பேசி வையுங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் செயலியைத் திறப்பதால் அந்நேரம் கிராப் விலை ஏறிவிடும்.

ஐந்தாம் நாள், வெள்ளி: மெராப்பி, இமோகிரி

எரிமலை உச்சிக்கு ஏறும் ஆசை வேண்டாம். 2020 நவம்பரில் எச்சரிக்கையை நான்கில் மூன்றாம் நிலைக்கு உயர்த்தினார்கள், மலையேற்றத்துக்குத் தடை. பார்க்க முடிவது தெற்குச் சரிவு. நான்கு பேர் ஏறும் பழைய ஜீப்பில் ஒன்றரை மணி நேரச் சுற்று. விலை ஆளுக்கில்லை, வண்டிக்கு. காலை ஆறு மணிக்கு அங்கே இருங்கள், ஒன்பதுக்குமேல் உச்சியை மேகம் மூடிவிடும். முகக்கவசமும் மாற்றுச் சட்டையும் வேண்டும். முதல் பாதி தூசி, கடைசியில் ஆற்றுக்குள் இறக்கி நனைப்பார்கள். 2010 வெடிப்பில் உருகிய பாத்திரமும் நின்றுபோன கடிகாரமும் மாட்டு எலும்பும் வைத்திருக்கும் ஒரு வீட்டைக் காட்டுவார்கள். மலையின் காவலராகச் சுல்தான் நியமித்திருந்த ம்பா மாரிஜான், அந்த வெடிப்பில் கிராமத்தை விட்டு வர மறுத்து அங்கேயே இறந்துபோனார்.

பிற்பகல் தெற்கே இமோகிரி. மாதராம் அரசர்களின் கல்லறைக் குன்று, 17ஆம் நூற்றாண்டில் சுல்தான் அகுங் அமைத்தது, நானூறுக்கும் மேல் படிகள். உள்கல்லறைகள் தினமும் திறப்பதில்லை. வழக்கமாக ஞாயிறு, திங்கள் காலையும், வெள்ளி தொழுகைக்குப் பிறகும். ஜாவா உடை கட்டாயம், அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். ஆண்களுக்கு வேட்டிபோல ஜாரிக். வேட்டி கட்டிப் பழகியவர்களுக்கும் அந்த இறுக்கத்தில் படி ஏறுவது சிரமம், எனவே உடை மாற்றுவது மேலே போய். படமெடுக்கக் கூடாது.

இன்னும் தெம்பிருந்தால் பாராங்த்ரிதிஸ் கடற்கரையில் சூரியன் மறைவது. காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தென்கடலின் அரசி பச்சை உடுத்தியவர்களை இழுத்துக்கொள்வாள் என்று ஊரில் சொல்வார்கள். கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம் எந்த நிறத்தையும் பார்ப்பதில்லை.

ஆறாம் நாள், சனி: கிளம்புவது

விமானம் மாலையில் என்றால் காலையில் கோத்தாகெடே. பழைய மாதராம் தலைநகர், வெள்ளி வேலைக்குப் பேர்போனது. கம்பிவேலை நகை வாங்கினால் 925 முத்திரை இருக்கிறதா பாருங்கள். பூச்சு நகைகளும் அதே அலமாரியில்தான் இருக்கும். ஜாவானியர்களுக்கு ஏழு நாள் வாரத்தோடு ஐந்து நாள் வாரம் ஒன்றும் உண்டு: லெகி, பாஹிங், போன், வாகே, கிளிவோன். கோத்தாகெடே சந்தை லெகி நாளில் தெருவெல்லாம் வழியும். உங்கள் சனிக்கிழமை லெகியில் விழுகிறதா என்று உள்ளூர் நாட்காட்டியில் பார்த்துக்கொண்டால், அன்று ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்கலாம்.

ஊருக்கு வாங்க பாக்பியா: பாசிப்பருப்புப் பூரணம் வைத்த சிறு ரொட்டி. சூடாக அடுக்கித் தருவதைப் பெட்டியோடு மூடினால் வியர்த்து இரண்டாம் நாளே பூசணம் பிடிக்கும். அறையில் திறந்து ஆறவிட்டுப் பிறகு கட்டுங்கள். சலாக் எனும் பாம்புத்தோல் பழத்தை அங்கேயே தின்றுவிடுங்கள்.

விமானத்துக்கு மூன்றரை மணி நேரம் முன்னால் தூகுவில் ரயிலேற வேண்டும். விமான நிலைய ரயிலுக்கு டிக்கெட்டை முந்தின இரவே செயலியில் எடுத்துவிடுங்கள், சனிக்கிழமை இருக்கைகள் தீர்ந்துபோகும்.